மூணு மருந்து கலந்தும் நிலக்கடலை கழுத்துல கருகுது. விதை நேர்த்தி வெறும் கண்துடைப்பா?

கேள்வி, ஜூலை 9 (பென்னாகரம் பக்கம்)

ஒரு ஏக்கர் செம்மண் கொல்லை, மானாவாரி, 50 கிலோ விதைப்பருப்பு. முதல் நாள் கார்பன்டாசிம் கலந்தேன். மறுநாள் ட்ரைக்கோடெர்மா, அதே கையோட ரைசோபியம் (தழைச்சத்து பிடிச்சுக் குடுக்கிற பாக்டீரியா). விதைச்சு பதினெட்டு நாள் ஆகுது. சாலுக்குச் சால் பொத்தல். முளைச்சு வந்ததுலயும் நிறைய வாடி நிக்குது, புடுங்கினா கழுத்துல கருப்பு மாவு. பக்கத்துக் கொல்லைக்காரர் ஒண்ணுமே கலக்கல, அவருக்குப் பயிர் நெருக்கமா நிக்குது. விதை நேர்த்தின்னு சொல்றதெல்லாம் கண்துடைப்புதானுங்களே?

ஜூலை 9, இரவு

கருப்பு மாவு என்றால் கழுத்தழுகல். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூசணம். வெங்காயத்தை நாள்பட வைத்தால் தோலுக்கடியில் கரிப்பொடி மாதிரி வருமே, அதுவேதான். மண்ணிலும் இருக்கும், விதைத் தோலிலும் ஒட்டி வரும். மண் 30, 35 டிகிரி சூட்டில் கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஆடிக்கு முன்னால் ஒரு மழையை நம்பி விதைத்து, பிறகு பத்து நாள் காய்ந்தால் வருவது இதுதான்.

நீங்கள் கலந்த வரிசையில்தான் கோளாறு. கார்பன்டாசிம் பூசணக்கொல்லி, ட்ரைக்கோடெர்மாவோ நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம். விஷம் பூசிய விதை மேல் அதைத் தடவினால் அது எப்படிப் பிழைக்கும்? எலி மருந்து வைத்த அறையிலேயே பூனையையும் அடைத்த மாதிரி.

ஜூலை 10, காலை

ராத்திரி அவசரத்தில் எழுதிவிட்டேன். மருந்தைப் பேசுவதற்கு முன் நோய் அதுதானா என்று உறுதி செய்யுங்கள். பத்து செடியை வேரோடு தோண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் கழுத்தோடு அறுந்து வந்துவிடும், பார்க்க வேண்டிய இடம் மண்ணுக்குள் போய்விடும்.

மண் மட்டத்தில் தண்டு நைந்து, மேலே கருப்புப் பொடி விரலில் ஒட்டினால் கழுத்தழுகல். முதல் ஒரு மாதம், அதிகம் போனால் நாற்பது நாள் வரை.

விதையிலை மேல் மஞ்சள் கலந்த பச்சைப் பூசணம், செடி குட்டை, இலை சிறுத்து நுனி கூர்ந்து வெளிறி இருக்கும், வேரில் பக்க வேரே இருக்காது: இது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அஃப்லாடாக்சின் நஞ்சை உண்டாக்கும் அதே பூசணம். செடி சட்டென்று சாகாது, வளராமல் நிற்கும். அதனால் உரம் பற்றவில்லை என்று நினைத்து யூரியா போடுவார்கள்.

பட்டை நார் நாராக உரிந்து, உள்ளே மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்புப் புள்ளி இருந்தால் வேரழுகல். தண்டடியில் வெள்ளை நூல், கூடவே கடுகு கடுகாக உருண்டைகள் இருந்தால் தண்டழுகல். அது பெரும்பாலும் காய் பிடிக்கும் பருவத்து ஆள், பதினெட்டு நாளில் வருவது குறைவு.

முளைத்து மேலே வராததையும் விடாதீர்கள். பொத்தல் விழுந்த இடத்தில் ஒரு அடி நீளம் சாலைக் கிளறுங்கள். விதையே இல்லையென்றால் அணில், மயில், காட்டுப்பன்றி வேலை. இருந்து கருப்பாக அழுகியிருந்தால் பூசணம். எறும்பும் கரையானும் அரித்திருந்தால் அது வேறு கணக்கு.

ஜூலை 10, மாலை

பத்தில் ஏழு கருப்புப் பொடி, இரண்டு மஞ்சள்பச்சை, ஒன்று தெரியவில்லை என்கிறீர்கள். சரி, கழுத்தழுகல்தான். அந்த மஞ்சள்பச்சை இரண்டும் விதையோடு வந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

இப்போது என் கேள்வி. பருப்பை எப்படி உடைத்தீர்கள்? பக்கத்துக்காரர் எப்படி உடைத்தார்? போன தடவை இரண்டு கொல்லையிலும் என்ன பயிர்?

ஜூலை 11

பதில் வந்துவிட்டது, பாதி வழக்கு தீர்ந்தது. கேள்வி கேட்ட பென்னாகரத்துக்காரர் மெஷினில் உடைத்து மூன்று வாரம் சாக்கில் வைத்திருக்கிறார், அதற்கு முன் அந்தக் கொல்லையில் கடலைக்கு மேல் கடலை. பக்கத்துக்காரர் வீட்டில் கையால் உடைத்து மூன்றாம் நாள் விதைத்திருக்கிறார், அதற்கு முன் கேழ்வரகு. ஒருவர் மருந்து போட்டார், இன்னொருவர் போடவில்லை என்ற ஒரே வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதினால் எப்படி?

கடலைப் பருப்பின் சிவப்புத் தோல்தான் அதன் சட்டை. அது உரிந்த இடம், கீறல் விழுந்த இடம், முளைமூக்கு நசுங்கிய இடம், இந்த மூன்றும் பூசணத்துக்குத் திறந்த வாசல். மெஷினில் சல்லடையும் இடைவெளியும் காயின் பருமனுக்குப் பொருந்தாவிட்டால் பருப்பு முழுசாகத் தெரியும், ஆனால் முளைமூக்கு அடிபட்டிருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள், கீறல் உள்ள பருப்பு தோல் சுருங்கிப் புடைத்துக் காட்டிக்கொடுக்கும். பார்த்த பருப்பை விதைக்க வேண்டாம், வறுத்துத் தின்றுவிடலாம். (மருந்து கலக்காத பருப்பு என்று சொல்லவும் வேண்டுமா?)

இன்னொரு பழக்கம். உடைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று காய் மேல் தண்ணீர் தெளிப்பது. வியாபாரத்துக்கு உடைக்கிறவர்கள் பருப்பு நொறுங்காமல் இருக்கச் செய்வது அது. அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு விருந்து வைத்த மாதிரி. விதைக்கு வைப்பதைக் காயாகவே வையுங்கள், 9 சதவீத ஈரத்துக்குக் காய்ந்ததாக. குலுக்கினால் காய்க்குள் பருப்பு கலகலவென்று பேச வேண்டும். விதைப்புக்கு ஒரு வாரம் முன்னால் உடைத்தால் போதும்.

உடைத்த பிறகு பொறுக்குவது: சுருங்கியது, தோல் உரிந்தது, இரண்டாகப் பிளந்தது, நிறம் மங்கியது எல்லாம் தனியே. 50 கிலோ வேண்டுமென்றால் 55 கிலோவில் இருந்து பொறுக்குகிற மனசு வேண்டும்.

ஜூலை 12

9ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். அரூரிலிருந்து ஒருவர் கேட்டது நியாயம்: "கார்பன்டாசிம் போட்டால் அந்தப் பட்டத்துக்கே உயிர்க் கட்டுப்பாடு (நல்ல நுண்ணுயிரை வைத்து நோயை அடக்குவது) கிடையாதா?" அப்படியில்லை. ஒரே விதை மேல் இரண்டையும் பூசுவதுதான் வீண். விதைக்கு மருந்து, மண்ணுக்கு ட்ரைக்கோடெர்மா என்று பிரித்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 1 கிலோ ட்ரைக்கோடெர்மா விரிடியை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, லேசாக ஈரம் தெளித்து நிழலில் ஒரு வாரம் மூடி வைத்து, கடைசி உழவில் தூவ வேண்டும். கூடவே 60 கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டால் நல்லது. மண்ணில் ஈரம் இல்லாத நாளில் தூவினால் வெயிலில் காய்ந்து போகும். மானாவாரியில் ட்ரைக்கோடெர்மா "வேலை செய்யல" என்ற புகாரில் முக்கால்வாசி இங்கேதான் வருகிறது.

சூடோமோனாஸும் நோயை அடக்கும், ஆனால் அது பூசணம் இல்லை, பாக்டீரியா. கார்பன்டாசிம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் அதைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் கலந்து சாம்பார் வைக்க வேண்டாம்.

அளவு, 50 கிலோ பருப்புக்கு:

ட்ரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம், மொத்தம் 200 கிராம். அல்லது சூடோமோனாஸ் கிலோவுக்கு 10 கிராம், மொத்தம் அரைக் கிலோ. ரசாயனம்தான் என்றால் கார்பன்டாசிம் கிலோவுக்கு 2 கிராம், மொத்தம் 100 கிராம். கழுத்தழுகலும் தண்டழுகலும் சேர்ந்து வரும் கொல்லைக்கு டெபுகோனசோல் 2 சதவீதத் தூள் கிலோவுக்கு 1.5 கிராம், மொத்தம் 75 கிராம். இவற்றில் ஒன்று. நாலும் இல்லை.

ஜூலை 12, பிற்பகல்

"தண்ணீர் எவ்வளவு விடணும்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நெல்லுக்குச் செய்வது மாதிரி ஊற வைக்கக் கூடாது. கடலைத் தோல் ஈரம் பட்டால் வழுக்கிக் கழன்றுவிடும். தூள் மருந்துக்குக் கிலோவுக்கு 5 மில்லி, அவ்வளவே. 10 கிலோ பருப்பை மூடி உள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, 50 மில்லி தண்ணீரில் மருந்தைக் குழைத்து ஊற்றி, டிரம்மைப் படுக்கவைத்து மெல்ல உருட்ட வேண்டும். பத்துப் பத்துக் கிலோவாக ஐந்து தடவை செய்தால் 50 கிலோ முடிந்தது. மண்வெட்டியால் புரட்டுவதும், களத்தில் காலால் தள்ளுவதும் வேண்டாம். பொறுக்கி எடுத்த விதையை அங்கேதான் பிளக்கிறார்கள். பிறகு நிழலில் அரை மணி.

கையுறை போடுங்கள். மருந்து கலக்கும்போது பீடி, வெற்றிலை எதுவும் கூடாது.

ஜூலை 13

ரைசோபியம் விட்டுப்போனது. மருந்து கலந்து 24 மணி நேரம் கழித்துத்தான் அதைக் கலக்க வேண்டும், அதுவும் விதைக்கும் நாளில். எக்டேருக்கு 600 கிராம் ரைசோபியம், 600 கிராம் பாஸ்போபாக்டீரியா (மண்ணில் உள்ள மணிச்சத்தைக் கரைத்துக் கொடுப்பது) என்பது கணக்கு. 200 கிராம் பாக்கெட்டில் ஏக்கருக்கு வகைக்கு ஒன்றே கால் பாக்கெட் வரும். ஆறின அரிசிக் கஞ்சியில் குழைத்துத் தடவி நிழலில் உலர்த்த வேண்டும். சூடு ஆறாத கஞ்சியை ஊற்றினால் பாக்டீரியா வெந்துபோகும். மருந்துக்கும் ரைசோபியத்துக்கும் ஒத்துவருமா என்று சந்தேகம் இருந்தால் விதையை விட்டுவிடுங்கள். எக்டேருக்கு 10 பாக்கெட்டை 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மண்ணோடு கலந்து சாலில் தூவலாம்.

பூச்சி மருந்தும் உண்டென்றால் வரிசை: பூசணக்கொல்லி, பூச்சிக்கொல்லி, கடைசியில் ரைசோபியம்.

ஜூலை 14

ஆழத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 4 முதல் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரற்கடை. நாட்டுக் கலப்பைக்குப் பின்னால் சாலில் போட்டுக்கொண்டே போகும்போது சில இடத்தில் எட்டு, பத்து சென்டிமீட்டர் கூடப் போய்விடும். பரம்பு ஓட்டினால் இன்னும் மண் ஏறும். ஆழத்தில் விழுந்த விதை மேலே வர முளைத்தண்டை நீட்டி நீட்டி வளர்க்க வேண்டும். நீண்ட அந்த வெள்ளைத் தண்டு மெலிந்து, சூட்டு மண்ணில் அதிக நாள் கிடந்து, பூசணத்துக்கு வாய்க்கிறது. மருந்து விதைத் தோலில் இருக்கிறது, வெட்டு விழுவதோ அதற்கு மூன்று விரல் மேலே. நேர்த்தி செய்தும் செடி சாக இதுவும் ஒரு காரணம்.

தோண்டும்போது விதையிலை ஒட்டிய இடத்துக்கும் வேர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். செத்த செடியில் நீளமாகவும் பிழைத்த செடியில் குட்டையாகவும் இருந்தால் குற்றவாளி கலப்பை.

ஜூலை 15

கோமியம், சாம்பல், சாணிக் கரைசல் பற்றிக் கேட்டவருக்கு: சாணிக் கரைசலில் கடலையை முக்கினால் தோல் கழலும், அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. சாம்பலைத் தூவினால் கெடுதல் இல்லை.

ஊத்தங்கரைக்காரர், "மல்லாட்டைக்கு (கடலைக்கு) எங்க தாத்தா எந்த மருந்தும் போடல" என்கிறார். தாத்தா மெஷினிலும் உடைக்கவில்லை, கடலைக்கு மேல் கடலையும் போடவில்லை, துவரையும் ஆமணக்கும் ஊடே விட்டார். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

ஜூலை 17

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு திசைமாறிய கேள்வி. ஆனால் சுவையானது. சும்மா பார்க்கலாம் என்று கால் ஏக்கரில் கோதுமை போட்டிருக்கிறார், டெபுகோனசோல் கலந்து. நேர்த்தி செய்த பாத்தி, செய்யாத பாத்தியை விடக் குட்டையாக முளைத்ததாம். "மருந்து விஷமாகிவிட்டதா?"

விஷம் இல்லை, அந்த மருந்தின் குணம். டெபுகோனசோல் போன்ற டிரையசோல் வகை மருந்துகள் பூசணத்தின் செல் சவ்வுக்கு வேண்டிய ஒரு பொருளை உருவாகவிடாமல் தடுக்கின்றன. செடிக்குள் ஜிப்ரெலின் உருவாகும் பாதையையும் அதே கையோடு கொஞ்சம் நெருக்குகின்றன. ஜிப்ரெலின்தான் நீளவைக்கும் சரக்கு. அது குறைந்தால் தாள் குட்டை, நிறம் கரும்பச்சை. கோதுமையில் முளைக்கு உறை ஒன்று உண்டு, அதுதான் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அந்த உறையே குட்டையாவதால், ஆழத்தில் விதைத்தால் முதல் இலை மண்ணுக்குள்ளேயே விரிந்து மடங்கிப்போகும். அளவோடு கலந்து, ஆழம் குறைத்து விதைத்தால் சில வாரத்தில் வித்தியாசம் மறைந்துவிடும். கோதுமைக்கு அளவு கிலோவுக்கு 1 கிராம்தான். "கையளவு" போட்டிருந்தால் அது வேறு.

வடக்கே கோதுமைக்கு இந்த மருந்து போடுவது முக்கியமாகக் கதிர் கரிப்பொடியாகும் கரிப்பூட்டை நோய்க்கு. அந்தப் பூசணம் விதைத் தோலில் இல்லை, விதைக்குள் கருவிலேயே உறங்குகிறது. மேலே பூசி நிற்கும் மருந்து அதைத் தொடாது, உள்ளே ஊடுருவும் மருந்துதான் வேண்டும். மருந்துக்கு வழியில்லாத காலத்தில் பஞ்சாபில் லூத்ரா என்பவர் சொன்ன வழி அழகானது: கத்திரி வெயில் மாதிரி நாளில் விதையைக் காலையில் நாலு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு உச்சி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைப்பது. ஊறியதும் பூசணம் விழிக்கும், விழித்ததை வெயில் கொல்லும். கடலைக்கு இதைச் செய்துவிடாதீர்கள், தோலும் போகும், முளைப்பும் போகும்.

ஜூலை 18

கோதுமைக் கேள்வியை விட்டுவிட மனசில்லை. ஏனென்றால் கடலைக்காரர்களும் அதே தப்பைச் செய்கிறார்கள்: வரப்பில் நின்று உயரத்தைப் பார்த்து "இது நல்லாயிருக்கு, அது மோசம்" என்பது. எண்ண வேண்டும், அளக்க வேண்டும்.

நாலு சால் மருந்து போட்ட விதை, அடுத்த நாலு சால் போடாதது, மறுபடி நாலு போட்டது. ஒரே விதை, ஒரே நாள், ஒரே ஆள் விதைக்க வேண்டும். 30க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் பத்து மீட்டர் சாலுக்கு 100 விதை. அப்படி ஐந்து இடத்தில் 10, 20, 30ஆம் நாள் எண்ணுங்கள். முதல் எண்ணிக்கை முளைப்பைச் சொல்லும், மற்ற இரண்டும் சாவைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துக் குழப்பக் கூடாது.

வீரியத்துக்கு ஒரு கணக்கு: முளைப்புச் சதவீதத்தை, வேர் நீளம் கூட்டல் தண்டு நீளம் என்ற சென்டிமீட்டரால் பெருக்குவது. உதாரணத்துக்கு, போடாததில் 80 முளைத்து மொத்த நீளம் 20 என்றால் 1600. போட்டதில் 88 முளைத்து நீளம் 18 என்றால் 1584. பார்வைக்குக் குட்டை, கணக்கில் கிட்டத்தட்ட சமம், ஆனால் எட்டுச் செடி கூடுதல். மகசூல் அந்த எட்டில் இருக்கிறது.

ஜூலை 21

முதல் நாள் "ஒன்று தெரியவில்லை" என்று விட்டோமே, அந்தச் செடியைப் பிளந்து படம் அனுப்பியிருக்கிறார். பூசணமே இல்லை. விதையிலை இரண்டுக்கும் நடுவே முளைக்குருத்து கருத்திருக்கிறது. இது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறை. விதை எடுத்த கொல்லையில் ஜிப்சம் போடாமல் விட்டால் காய்க்குள் பருப்புக்குக் கால்சியம் போதாமல் குருத்து கருத்தே உருவாகும். இதற்கு எந்த விதை நேர்த்தியும் பயன்படாது. விதைக்கென்று விடும் பகுதிக்கு 40, 45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் கட்டாயம். வாங்கிய விதை என்றால், உடைக்கும்போதே இருபது பருப்பைப் பிளந்து குருத்தைப் பார்த்துவிடலாம்.

ஆக, ஏழும் இரண்டும் ஒன்றும் மூன்று தனித்தனி வியாதி. ஒரே டப்பா மருந்தைக் குற்றம் சொன்னோம்.

ஜூலை 22

முளைப்புச் சோதனை பற்றி. 100 பருப்பு, 25 வீதம் நாலு பங்கு. ஈர மணலில் இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றி, பத்தாம் நாள் நல்ல நாற்றை மட்டும் எண்ணவும். வேரில்லாதது, குருத்தில்லாதது கணக்கில் சேராது. சான்று விதைக்குக் குறைந்தது 70 சதவீதம். 85 முளைக்கும் விதைக்கு 50 கிலோ என்று வைத்தால், 70 முளைப்புக்கு 61 கிலோ வேண்டும். 60க்குக் கீழே போனால் விதை அளவைக் கூட்டிப் பயனில்லை, அது நோயைக் கூட்டி விதைப்பது. இதே சோதனையில் பாதியை மருந்து போட்டுச் செய்தால், மருந்து இந்த விதைக்கு எவ்வளவு உதவும் என்பதும் தெரிந்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் விதை சுத்தம், கவலை மண்ணைப் பற்றித்தான்.

சந்தேகமான செடிகளைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டலாம். பாலிதீன் பையில் கட்டி வெயிலில் கொண்டுபோனால் வழியிலேயே அழுகி, அங்கே எல்லாப் பூசணமும் தெரியும். மண்ணோடு காகிதத்தில் சுற்றுங்கள்.

ஜூலை 25

"நடந்தது நடந்துபோச்சு, இப்ப நிக்கிறதை என்ன பண்ண?"

செத்தது வராது. வாடியதைத் தோண்டி எடுத்துக் கொல்லைக்கு வெளியே போட்டு எரியுங்கள். சுற்றி நிற்கும் செடிகளின் அடியில் கார்பன்டாசிம் லிட்டருக்கு 1 கிராம் கரைத்து நனைய ஊற்றலாம். ஏக்கர் முழுவதும் வேண்டாம், திட்டுத் திட்டாக மட்டும். ஒரு நல்ல மழை பெய்து மண் சூடு தணிந்தாலே பாதி நிற்கும். செடி முப்பது நாளைத் தாண்டித் தண்டு தடித்துவிட்டால் புதிதாகச் சாவது குறையும்.

பொத்தலில் மறுபடி கடலை ஊன்றும் காலம் தாண்டிவிட்டது. பத்து நாளுக்குள் என்றால் சரி. இப்போது ஊன்றினால் மூத்த செடி நிழலில் இளையது நோஞ்சானாகும், அறுவடையில் முற்றாத காய் கலந்து வரும். பெரிய பொத்தலில் காராமணியோ அவரையோ போடுங்கள். அடுத்த பட்டம் இந்தக் கொல்லைக்குக் கேழ்வரகு அல்லது சாமை. இந்தப் பூசணத்துக்குக் கடலைக்கு மேல் கடலை போட்டால் சாப்பாடு தீராது.

ஜூலை 29

கடைசியாக வந்த கேள்வி சின்னது, ஆனால் பதில் சொல்லாமல் விட முடியாது. மருந்து கலந்த பருப்பு மூன்று கிலோ மிச்சம் இருக்கிறதாம், கழுவிவிட்டுச் செக்கில் ஆட்டலாமா, ஆட்டுக்குப் போடலாமா என்று.

இரண்டும் கூடாது. கார்பன்டாசிம் பருப்புக்குள் இறங்கும், கழுவினால் போகாது. புண்ணாக்கிலும் தங்கும். அடுத்த பட்டத்துக்கு வைக்கவும் முடியாது, உடைத்த பருப்பு அதுவரை முளைப்பு தாங்காது. கிணறு, ஓடை, குட்டை எதற்கும் அருகில் இல்லாத மேட்டில் இரண்டடிப் பள்ளம் வெட்டிப் புதைத்துவிடுங்கள். கோழி கிளறாத இடமாகப் பாருங்கள். கலந்த டிரம்மில் மேல் ஒரு துணி கட்டி "மருந்து" என்று எழுதி வையுங்கள், வீட்டில் யாராவது அதில் தண்ணீர் பிடித்துவிடப் போகிறார்கள்.